பெரியவள நிறுத்திடுங்க

அன்று தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால், சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, தலைமையாசிரியை. அவருக்கு இடப்புறம், கை உடைந்து கயிற்றால் கட்டப்பட்ட நாற்காலியில், கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியர். வலப்புறம், அலமாரிக் கதவைத் திறக்க முடியாதபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டு அக்கா. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ப் பேசிவிட்டு வருவது அவருடைய வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய். அவருடைய மூத்த மகள், பத்தாம் வகுப்பு மாணவி, உட்காரவில்லை. உட்காரச் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுக் கதவோரமே நின்றாள். ஆறாவது ஆள் நான், பள்ளியின் எழுத்தர். மூலையில் தட்டச்சு மேசையில் இருந்தேன். பேசி முடித்ததும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று என்னை அழைத்திருந்தார்கள்.

கடிதம் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் வாரக்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. வருகை இவ்வளவு குறைந்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது. கல்வி அலுவலகம் விலக்குத் தந்தால் மட்டும் எழுதலாம். கேட்பதற்கு அன்றே கடைசி நாள்; அன்றைய தேதியில் தபாலில் சேர்த்தால் போதும்.

முதலில் பேசியவர் தாய்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“யாரு சார் எம் பொண்ண நிறுத்தினது?”

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கதாம்மா.”

“நானா?”

“போன்ல சொன்னீங்களே. நான்தான் எடுத்தேன். ‘நாளையிலேருந்து பெரியவள நிறுத்திடுங்க, சின்னவன மட்டும் அனுப்பினாப் போதும்’னு சொன்னீங்க. ஒரு வார்த்தைகூட மாத்தாமச் சொல்றேன்.”

“ஆமா, சொன்னேன்.”

“அப்புறம் என்னம்மா?”

“நான் சொன்னேன் சார். நீங்க எங்க நிறுத்தினீங்க?”

“நிறுத்திட்டோமேம்மா. பதிவேட்டுலகூட எழுதியாச்சு.”

“நிறுத்தியிருந்தா அவ எதுக்கு சார் தையல் கடையில உக்காந்து பொத்தான் தைக்கிறா?”

“நிறுத்தினதாலதாம்மா.”

தாய் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, தலைமையாசிரியையைப் பார்த்தார். இந்த மனிதருக்குத் தலையில் ஏதாவது கோளாறா என்று கேட்பது போலிருந்தது. வீட்டு அக்காதான் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

“இருங்க, இருங்க. ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய கையில வச்சுக்கிட்டு ஆளுக்கொரு பஸ்ஸுல ஏர்றீங்க. அக்கா, நீங்க சொல்லுங்க. நிறுத்தறதுன்னா என்ன?”

“இதென்ன கேள்வி? நிறுத்தறதுன்னா நிறுத்தறதுதான். எங்க கூடத்துல ஷிப்டு முடியறப்ப சூப்பர்வைசர் வந்து, ‘நீ நில்லு, நீ போ’ம்பாரு. நின்னவங்களுக்கு அடுத்த ஷிப்டும் வேலை. ‘இன்னைக்கு என்ன நிறுத்திட்டாங்க, வர நேரமாகும்’னு வீட்டுக்குச் சொல்லி விடுவோம். அனுப்பிட்டாங்கன்னா வீட்டுக்குப் போயாச்சுன்னு அர்த்தம். மறுநாள்லேருந்து என்னை ரெண்டு ஷிப்டுக்கும் சேத்துப் போட்டுட்டாங்க. அதான் போன் பண்ணினேன். பெரியவள சாயங்காலம் அந்த ரூம்ல நிறுத்திடுங்க, பரீட்சை வருஷம், இருந்து படிக்கட்டும். சின்னவன மட்டும் வீட்டுக்கு அனுப்பினாப் போதும், கீழ் வீட்டுல பாத்துப்பாங்க. இதுல என்ன புரியல?”

அவர் சொன்ன அறையை நாங்கள் மாலை அறை என்போம். வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகும் உட்கார வைத்து, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துப் படிக்க வைக்கிற இடம். பெற்றோர் சொன்னால் பெயரைச் சேர்த்துக்கொள்வோம். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘நிறுத்துவது’ என்றால் ஒரே பொருள்தான். பிள்ளையை நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்கு என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. “பின்னாடி மிஷின் சத்தம்மா,” என்றார். பிறகு, “இல்ல. கேட்டது சரியாத்தான் கேட்டுது,” என்றார்.

“ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாமே சார்.”

“போன் பண்ணினோம். எடுக்கல.”

“ஷிப்டு ஆரம்பிச்சதும் போனை அலமாரியில வச்சுப் பூட்டிடுவாங்க.”

“நான் வீட்டுக்கு வந்தேன் அக்கா,” என்றார் வீட்டு அக்கா. குரலில் முன்பிருந்த வேடிக்கை இல்லை. “பூட்டியிருந்தது. கீழ தையல் கடையில விசாரிச்சேன். ‘அந்தப் பொண்ணா, இங்கதான வேலைக்கு வருது’ன்னாங்க. உள்ள எட்டிப் பாத்தேன். தலை குனிஞ்சு நூல் பிசிறு வெட்டிக்கிட்டிருந்தா. சரி, உண்மைதான்னு திரும்பிட்டேன்.”

“அவகிட்டப் பேசலையா?”

“பேசல.”

“ஏன்?”

 கேட்ட தாயே பதிலும் சொன்னார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

“ஒரு டாக்டர் வீட்டுப் பொண்ணா இருந்தா நம்பியிருக்க மாட்டீங்க. இன்னொரு வாட்டி கேட்டிருப்பீங்க. எங்க வீட்டுப் பொண்ணுன்னதும், ஆமா, இவங்க நிறுத்தறவங்கதானேன்னு தோணிப்போச்சு.”

“ஆமா,” என்றார் வீட்டு அக்கா. “கேட்டிருப்போம்.”

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று தலைமையாசிரியை கேட்டார். தாய்க்கு நெடுநாளைக்குப் பிறகு ஒரு விடுமுறை கிடைத்திருக்கிறது. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறோம், சொந்தப் பிள்ளைகளின் துணியை ஒரு நாளாவது துவைப்போம் என்று மகளின் சீருடையை எடுத்திருக்கிறார். அழுக்கு இல்லை.

“மடிப்பு நான் போட்ட மடிப்பு மேடம். எங்க கூடத்துல கைய உள்ள விட்டு ஒரு மாதிரி மடிப்போம், வேற யாரும் அப்படி மடிக்க மாட்டாங்க. பரவாயில்ல, பொண்ணு கத்துக்கிட்டாபோலன்னு சந்தோஷப்பட்டேன். பிரிச்சுப் பாத்தா அந்த மடிப்புல தூசி கோடு போட்டிருக்கு. அப்பதான் தெரிஞ்சுது, இத வாரக்கணக்கா யாரும் பிரிக்கவே இல்லன்னு.”

சொல்லிவிட்டு அவர் திரும்பிக் கதவோரம் பார்த்தார்.

“சார்தான் தப்பா எடுத்துக்கிட்டாரு. நீயாவது என்னக் கேட்டிருக்கலாம்ல?”

“நீ வர்றப்ப நான் தூங்கிடறேன். நான் எழுந்திருக்கறப்ப நீ போயிடற.”

“எழுப்பறதுக்கென்ன? நான் என்ன, எழுப்பினாக் கடிப்பேனா?”

அந்தப் பெண் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் நெருடினாள்.

“சார் வெளியில கூப்பிட்டுச் சொன்னாரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மான்னாரு. அவரு பேனாவ எடுத்துக் கொடுத்தாரு, வச்சுக்கோன்னு. பேனா கொடுத்ததுக்கப்புறம் என்ன கேக்கறது?”

“என்னைக் கேக்கறது.”

“கேட்டு, நீ ஆமான்னுட்டா?”

 வெளியே உடற்பயிற்சி வகுப்பின் விசில் கேட்டது. தாய் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். மகள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். கேட்காத வரைக்கும் அம்மா ஆமாம் என்று சொல்லாமலாவது இருப்பாள் என்று, காலையில் தம்பியைத் தலை சீவிப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, அதே வாசலிலிருந்து தையல் கடைக்குப் போயிருக்கிறாள்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. மாலை அறையைக் கொண்டுவந்தவரே அவர்தான். கல்வி அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கி, செருப்புத் தேய அதை வாங்கினார். அவர் தொலைபேசியை எடுத்து அலுவலகத்தில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம், பெயர் எதுவும் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“நோய்னா விலக்குக் கொடுப்பாங்க. டாக்டர் சர்டிபிகேட் வேணும். பெற்றோர் நிறுத்தினதுன்னா கிடையாது. பள்ளிக்கூடத்துத் தப்புன்னா...” அவர் நெற்றியைத் தேய்த்தார். “அப்படி ஒரு கட்டமே இல்லையாம் அவங்க தாள்ல. விசாரணை வச்சுத்தான் சொல்லுவாங்களாம். அது முடியறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும்.”

“அப்ப நோய்னே எழுதுங்க,” என்றார் தாய். யோசிக்கவே இல்லை. “சர்டிபிகேட் நான் வாங்கியாரேன். எங்க வார்டு டாக்டரம்மா தங்கமானவங்க, கால்ல விழுந்தாவது வாங்கிடறேன்.”

“எனக்கு ஒண்ணுமில்லையேம்மா,” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்லாமயா இவ்வளவு ஆச்சு? நீ சும்மா இரு.”

கணக்கு வாத்தியார் குறுக்கே வந்தார். “என் பேரப் போட்டு உள்ளத எழுதிடுங்க மேடம். போன எடுத்தவன் நான்.”

“எழுதினா உங்களோட போகாது சார். ஒரு போன் காலைக்கூட ஒழுங்காக் கேக்கத் தெரியாத பள்ளிக்கூடத்துக்கு மாலை அறை எதுக்குன்னு கேப்பாங்க. அங்க உக்கார்ற பிள்ளைங்கள நான் எங்க கொண்டுபோய் விடறது?” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், “நோய்னே போட்டுக்கோங்க.”

நான் தாளைச் சொருகினேன். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வழக்கப்படி அடித்தேன். தலைமையாசிரியை சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தேன். ‘மேற்படி மாணவி உடல்நலக் குறைவு காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை.’ அந்த இடத்தில் நிறுத்தினேன். பதிவேட்டில் பெற்றோரால் நிறுத்தப்பட்டாள் என்று ஏற்கெனவே இருக்கிறது, அதன் நகல் மாதாந்திர அறிக்கையோடு போயும் விட்டது, இரண்டும் இடிக்குமே என்றேன். கடிதம் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டுத் தொலைக்கும்.

தலைமையாசிரியை யோசித்தார். யோசித்த பிறகு மெதுவாக, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். “‘மகளின் நோயைப் பள்ளிக்குத் தெரிவிக்காமல், படிப்பை நிறுத்துவதாகத் தாயார் தவறான தகவல் அளித்தமையால்...’ அப்படித்தான் போடணும். வேற வழியில்ல.”

எனக்கு விரல் எழவில்லை. தாயைப் பார்த்தேன்.

“போடுங்க சார்,” என்றார் அவர்.

“நீங்கதான் நிறுத்தினீங்கன்னு ஆயிடும் அக்கா,” என்றார் வீட்டு அக்கா. “அது அப்படியே இருந்துடும், என்னைக்கும்.”

“இருந்துட்டுப் போகுது. அவ பரீட்சை எழுதினாப் போதும். என் பேர வச்சு நான் என்ன கலெக்டர் உத்தியோகத்துக்கா போகப் போறேன்?”

“அதப் போட்டா நான் எழுத மாட்டேன்.”

கதவோரத்திலிருந்து வந்த குரல் உயரவில்லை. தாய் திரும்பவும் இல்லை. “வாய மூடுடி,” என்றார்.

“அம்மா நிறுத்தலன்னு போடுங்க மேடம்.”

“போட்டா உக்கார விட மாட்டாங்கன்னு இப்பத்தான சொன்னாங்க? காதுல என்ன, பஞ்சா வச்சிருக்க?”

“தெரியும்.”

“தெரியுமாம். ஒரு வருஷம் போச்சுன்னா திரும்பி வருமா? உன் கூடப் படிச்சதுங்க எல்லாம் மேல போயிடும், நீ சின்னதுங்களோட உக்காந்திருப்ப. உக்காருவியா? மாட்ட. எனக்குத் தெரியும். அந்தக் கடையிலேயே உக்காந்துடுவ. அந்தப் பேப்பரு எவன் பீரோவுலயோ போய்ப் படுத்துக்கும். என் பேர எவன் பாக்கப் போறான்?”

“நான் நம்பிட்டேன்ல,” என்றாள் மகள். “இத்தன நாளும் நம்பிட்டேன்ல. இன்னொருத்தர் நம்ப வேணாம்.”

தாய் எழுந்து அவள் பக்கம் போனார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வீட்டு அக்காவும் நினைத்திருக்க வேண்டும், பாதி எழுந்துவிட்டார். ஆனால் தாய் மகளின் சட்டைக் காலரைப் பிடித்து, உள்ளே மடங்கியிருந்ததை வெளியே எடுத்துச் சரிசெய்துவிட்டு, கையை எடுக்காமலே நின்றார்.

“எழுதுடி,” என்றார். “எனக்காக எழுதுடி.”

“மாட்டேம்மா.”

விண்ணப்பத்தில் மாணவியின் கையெழுத்தும் வேண்டும். அது இல்லாமல் தாளுக்கு மதிப்பில்லை. நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். வீட்டு அக்கா கெஞ்சினார். தலைமையாசிரியை அதட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியார், “அம்மா, கணக்குல வர வேண்டிய விடைய முதல்லயே தெரிஞ்சுக்கிட்டுப் பின்னாலேருந்து போடற மாதிரி நெனச்சுக்கோயேன்,” என்றார். “அப்படிப் போட்டா நீங்க மார்க் தர மாட்டீங்களே சார்,” என்றாள் அவள். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கடைசியில் தலைமையாசிரியை கையை நீட்டினார். நான் பாதி அடித்த தாளை உருவிக் கொடுத்தேன். அதை அவர் நான்காகக் கிழித்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். குப்பைக் கூடையில் போடவில்லை. “உள்ளத உள்ளபடி எழுதுங்க,” என்றார். “மாலை அறைக்கு என்ன வருதோ வரட்டும். திரும்பப் படி ஏறறேன்.”

எழுதினேன். பொருள் வரியில் விசாரணை கோரினோம். அடுத்த வரியில், விசாரணை முடியும்வரை தேர்வெழுத அனுமதி கோரினோம். கிடைக்காது என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும்தான்.

எழுதி முடித்ததும் தாயிடம் படித்துக் காட்டினேன். ‘மகளை மாலை அறையில் இருத்திவைக்குமாறு தாயார் கேட்டார்’ என்று நல்ல தமிழில் எழுதியிருந்தேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

“இருத்தின்னு நான் எங்க சொன்னேன்? நான் சொன்னத மாத்தாதீங்க. ஒரு தடவை மாத்தினது போதும்.”

திரும்ப அடித்தேன். ‘மகளை நிறுத்துமாறு தாயார் கேட்டார். பள்ளி நேரம் முடிந்த பின்பும் இருந்து படிப்பதற்காக நிறுத்துமாறு கேட்டார். படிப்பை நிறுத்துமாறு அவர் கேட்கவில்லை. பள்ளி பிழையாக விளங்கிக்கொண்டது.’ மகள் வந்து என் தோளுக்கு மேல் படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். தாய் போடும்போது பேனா இரண்டிடத்தில் தாளைக் கிழித்தது. கணக்கு வாத்தியார் தம் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்.

“நாளைக்கு வா,” என்றார் மகளிடம். “பதில் வர்ற வரைக்கும் கிளாஸ்ல உக்காரு. யாரும் எழுப்ப மாட்டோம்.”

“எங்க போயிட்டீங்க சார், பாடத்துல?”

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். “அவ்வளவு தூரமா,” என்றாள்.

“நான் சொல்லித் தரேன்.”

“நாளைக்கு வர முடியாது சார். கடையில ஒரு ஆர்டர் பாதியில நிக்குது. சொல்லாம வந்தா அந்த அக்காவுக்குக் கஷ்டம். முடிச்சுட்டுப் பாக்கறேன்.”

‘பாக்கறேன்’ என்று அவள் சொன்னதும் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உறையில் கடிதத்தை மடித்து வைத்தேன். அரக்கு இல்லை, பசை தடவி, பள்ளி முத்திரையை மடிப்பின் மேல் பாதி, கீழ் பாதி விழும்படி குத்தினேன். தபால்தலையை மகள் ஒட்டினாள். எங்கள் அலுவலகப் பையன் மதியத் தபாலோடு போய்விட்டிருந்தான். எதிர்ச் சாரியில் தபால் பெட்டி இருக்கிறது, நானே போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

“கொடுங்க,” என்றார் தாய். “அந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறோம்.”

கொடுப்பதா வேண்டாமா என்று தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் கண்ணால் கொடு என்றார்.

சன்னல் வழியாக எல்லோரும்தான் பார்த்தோம். இருவரும் தெருவைக் கடந்தார்கள். கடக்கும்போது தாய் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல. பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். தாய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பஸ் வந்து எங்கள் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றது, ஆள் ஏற்றியது, போனது. அவர்கள் ஏறவில்லை. தாய் ஏதோ கேட்டார். மகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் ஆட்டினாள்.

அப்புறம் அவர் உறையை உள்ளே விட்டார்.